ஒரே புள்ளியில் அகரமும் அலிஃபும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஷிஃப்ட் மாறும் வேளைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக ஓடும். அந்தப் பேருந்துகளின் நேரத்தைப் பார்த்தே நம்முடைய மக்தபின் நேரமும் அமைந்திருக்கிறது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம், திருநெல்வேலி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து வேலை தேடி வந்து வாடகை வீடுகளில் குடியேறியவை. அத்தா ஷிஃப்ட் முடிந்து உறங்கும் நேரத்தில் பிள்ளைகள் ஓத வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அஸர் தொழுகைக்குப் பின், பார்வையற்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய உம்மா அழைத்து வந்தார். "ஹஜ்ரத், இவன் காதால் கேட்டே பிடித்துக்கொள்வான். ஓரமாக உட்கார வைத்தால் போதும்" என்றார். நாமும் அவ்வாறே செய்தோம். மற்றப் பிள்ளைகள் காயிதாவை விரித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, அவன் சுவரோரம் அமர்ந்து காதால் கேட்டே ஓதினான். இரண்டு ஆண்டுகளில் அம்ம ஜுஸ்உ முழுவதும் அவனுக்கு மனனமாயிற்று. நாம் அதைக் குறித்துப் பெருமை கொண்டோம். ஜமாஅத்தாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம்.

ஒருநாள் அவன் கேட்டான்: "ஹஜ்ரத், அலிஃப் எப்படி இருக்கும்?" அவன் உள்ளங்கையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக் காட்டினோம். "பே?" என்றான். படகு போல ஒரு வளைவு வரைந்து, அதன் அடியில் விரலால் ஒரு புள்ளி குத்தினோம். சற்று நேரம் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "எல்லோருக்கும் காயிதா இருக்கிறதே, என்னுடைய காயிதா எங்கே?" என்றான்.

நம்மிடம் விடை இல்லை. இரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வி நம் மனத்தில் எழவே இல்லை என்பதுதான் நம்மை வெட்கப்படச் செய்தது. அதற்கு விடை தேடிப் போனபோது நாம் அறிந்துகொண்ட வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் சமுதாயம் பார்வையற்றவர்களை ஒருபோதும் தாழ்வாக நடத்தியதில்லை என்று மார்தட்டிச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவர்; நபியவர்கள் வெளியே சென்ற காலங்களில் மதீனாவில் அவர்களுடைய பொறுப்பை ஏற்று நின்றவர். தப்ஸீர் கலையின் ஆரம்பகால அறிஞர்களில் ஒருவரான கதாதா (ரஹ்) அவர்கள் பிறவியிலேயே பார்வையற்றவர்கள். ஏழு கிராஅத்துகளை ஒரே நெடும்பாடலில் அடக்கித் தந்து, இன்றளவும் உலகெங்கும் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாத்திபிய்யாவை இயற்றிய இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களும் பார்வையற்றவர்களே. அந்தலூசியாவின் ஷாத்திபா நகரில் பிறந்து, கெய்ரோவில் ஹிஜ்ரி 590இல் மறைந்தார்கள். எழுத்தைக் கண்ணால் காணாத ஒருவரின் நூலை வைத்துத்தான், கண்ணுள்ளவர்கள் ஓதும் முறைகளைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெருமையே நமக்கு ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. "மனனம் செய்தால் போதுமே, எழுத்து எதற்கு?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெரியார்களுக்குப் பக்கத்தில் படித்துக் காட்டவும் சொல்வதை எழுதவும் எப்போதும் ஒருவர் தேவைப்பட்டார். அபஸ அத்தியாயம் யாரைக் குறித்து இறங்கியதோ அந்த ஸஹாபி, நபியவர்களிடம் உதவித்தொகை கேட்டு வரவில்லை, கற்றுக்கொள்ள வந்தார். இந்த ஓர் அம்சத்தை நாம் பலமுறை பயானில் சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு மக்தபுக்கு வந்து, அந்தச் சிறுவனைச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறோம்.

எழுத்தைத் தொட்டறிய வேண்டும் என்ற தாகம் புதியதன்று. ஹிஜ்ரி 764இல் மறைந்த ஸலாஹுத்தீன் ஸஃபதீ என்னும் வரலாற்றாசிரியர், பார்வையற்ற பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை மட்டுமே தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதில் பக்தாதின் ஹன்பலி அறிஞரும் நூல் வணிகருமான ஸைனுத்தீன் ஆமிதீ என்பவரைப் பற்றிய செய்தி உள்ளது. அவர் ஒரு நூலை வாங்கியதும் மெல்லிய தாளை முறுக்கி, அப்ஜத் எண்கணக்கில் அதன் விலையைக் குறிக்கும் எழுத்துகளாக வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டி, அது உதிராதிருக்க அதன்மேல் இன்னொரு தாளையும் ஒட்டிவைப்பாராம். பின்னர் விலை மறந்துபோனால் விரலால் தடவி அறிந்துகொள்வார். பிரான்ஸில் லூயி பிரெய்ல் பிறப்பதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. 786 என்ற எண்ணை வீட்டு வாசலிலும் வண்டியிலும் எழுதிப் பழகிய நம் மக்களுக்கு அப்ஜத் கணக்கை விளக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கு ஒரு காலத்தில் ஒருவருடைய விரலுக்குக் கண்ணாக இருந்தது என்பதுதான் நாம் அறியாதது.

நாம் வாழும் இந்தப் பழைய செங்கற்பட்டு வட்டாரத்துக்கும் அப்படி ஒரு கதை உண்டு. பொன்விளைந்த களத்தூரோடு தொடர்புடைய அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17ஆம் நூற்றாண்டுப் புலவர்; பார்வையற்றவர். முதுகில் எழுத்தை எழுதிக் காட்டச் செய்து அவர் தமிழ் எழுத்துகளைக் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நாம் உள்ளங்கையில் அலிஃப் வரைந்து காட்டியதை இங்கே நமக்கு முன்பே யாரோ ஒருவர் முதுகில் செய்திருக்கிறார். ஆனால் முதுகில் எழுதிய எழுத்து அடுத்த கணம் மறைந்துவிடும். நினைத்தபோது திரும்பத் திறந்து படிக்கக்கூடிய பக்கம் அதுவன்று.

அந்தப் பக்கம் பாரிஸில் உருவாயிற்று. வாலென்டின் ஹாவி என்பவர் 1780களில் பார்வையற்ற சிறார்களுக்காக அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். சாதாரண லத்தீன் எழுத்துகளையே தாளில் புடைக்கச் செய்து நூல்கள் அச்சிட்டார். நூல்கள் மிகப் பெரியவை. படிப்பது மிக மெதுவாக நடந்தது. மாணவரால் அந்த எழுத்தில் தாமே எழுத இயலவில்லை. கண்ணுள்ளவர்கள் தங்கள் கண்ணுக்கு உகந்த வடிவத்தைப் பிறர் விரலில் திணித்ததன் விளைவு அது. 1809 ஜனவரி 4ஆம் நாள் பிறந்த லூயி பிரெய்ல் ஒரு தோல்வேலைக்காரரின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசி கண்ணில் பட்டு, நாளடைவில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். ஹாவி நிறுவிய பள்ளியில் படிக்கும்போது, சார்ல் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி வகுத்த 12 புள்ளிக் குறியீடு அவர் கைக்கு வந்தது. ஒரு விரல் நுனிக்குள் 12 புள்ளிகள் அடங்கவில்லை. பிரெய்ல் அதை ஆறாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது 15. 1829இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். பள்ளி நிர்வாகமே சில காலம் அதை எதிர்த்தது. 1852இல் அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே பிரான்ஸில் அது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. நிறுவியவர் ஆனி ஷார்ப் என்னும் பெண்மணி. தமிழகத்தில் 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பார்வையற்ற பிள்ளைகளின் விரல்களுக்கு அங்கே தமிழ் எழுத்து எட்டியது. இருவரும் கிறிஸ்தவ மிஷனரிகள். தங்கள் வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. அவர்களுடைய கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆயினும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பார்வையற்ற பிள்ளையின் கையில் எழுத்து சேர வேண்டும் என்று அவர்கள் கவலைப்பட்ட காலத்தில், நாம் அந்தப் பிள்ளையின் குரல் இனிமையை மட்டும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் ஒரு குழப்பம் வளர்ந்தது. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே புள்ளிகளை அமைத்துக்கொண்டது. ஓரிடத்தில் அச்சிட்ட நூலை இன்னோர் இடத்தில் படித்தவரால் வாசிக்க முடியாத நிலை. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் ஒரு விடுதி அமைந்தது. அதற்குப் பொறுப்பேற்ற கிளூதா மெக்கன்ஸி, முதல் உலகப்போரில் கல்லிப்போலியில் பார்வை இழந்த நியூசிலாந்துக்காரர். ஒரே சீரான இந்தியக் குறியீடு வேண்டும் என்ற முயற்சி அந்தக் காலத்திலேயே நடந்தும் எல்லோராலும் ஏற்கப்படவில்லை. 1949இல் சுதந்திர இந்தியாவின் அரசு யுனெஸ்கோவை அணுகியது. 1950இல் பாரிஸிலும், 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் மாநாடுகள் கூடின.

பெய்ரூட் என்ற பெயரைப் படித்தபோது நாம் சற்று நின்றோம். அரபு மொழிக்கான ஒரே சீரான பிரெய்லும், இந்திய மொழிகளுக்கான பிரெய்லும் அங்கே ஒரே கூட்டத்தில் ஆராயப்பட்டன. எந்த மொழியானாலும், ஒரே ஒலிக்குக் கூடிய மட்டும் லூயி பிரெய்ல் தந்த அதே புள்ளிகள் என்பதே அடிப்படையாயிற்று. அதிலிருந்து எழுந்ததுதான் இன்று பாரதி பிரெய்ல் எனப்படும் முறை; தமிழ் பிரெய்ல் அதன் ஒரு கிளை.

இதன் பொருளை நம் பிள்ளைகளின் காயிதாவை வைத்தே விளக்கலாம். பிரெய்ல் கட்டம் ஒன்றில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 எனவும், வலப்பக்கம் 4, 5, 6 எனவும் ஆறு புள்ளிகளுக்கு இடமுண்டு. தமிழின் அகரம் முதற்புள்ளி ஒன்றுதான். அரபியின் அலிஃபும் அதே ஒற்றைப் புள்ளி. லகரமும் லாமும் 1, 2, 3. மகரமும் மீமும் 1, 3, 4. ககரமும் சின்னக் காஃபும் 1, 3. ரகரமும் ரேயும், நகரமும் நூனும், தகரமும் தேயும், ஜகரமும் ஜீமும் அப்படியே. உகரத்துக்குரிய 1, 3, 6 புள்ளிகள்தாம் அரபியில் பேஷுக்கும். எல்லா எழுத்தும் இவ்வாறு பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். நம் பகரம் வேறு, அரபியின் பே வேறு; யகரமும் யேயும் வேறு வேறு. ஆயினும் பள்ளிக்கூடத்தில் தமிழ் பிரெய்ல் கற்ற ஒரு பிள்ளை, அரபு எழுத்துகளில் கணிசமானவற்றை ஏற்கெனவே அறிந்த நிலையில்தான் மக்தபுக்கு வருகிறான். கண்ணால் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சலுகை இல்லை. தமிழ் எழுத்துக்கும் அரபு எழுத்துக்கும் பார்வையில் எந்த ஒற்றுமையும் கிடையாது.

திசையிலும் ஒரு வியப்பு உண்டு. அரபு பிரெய்ல் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது. தமிழைப் போல, ஆங்கிலத்தைப் போல. இதைக் கேட்டதும் நம் ஜமாஅத்தின் முதியவர் ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் கையால் எழுதும்போது கதை மாறுகிறது. சிலேட்டு எனப்படும் துளைச் சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஸ்டைலஸ் என்ற சிறு ஆணியால் ஒவ்வொரு புள்ளியையும் பின்புறத்திலிருந்து குத்த வேண்டும். தாளைத் திருப்பும்போதுதான் புள்ளி மேடாகத் தெரியும். ஆகவே எழுதும் கை வலமிருந்து இடமாகச் செல்கிறது. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறியது போலவே இங்கும் ஆணிதான் எழுதுகோல். ஆனால் திசை மட்டும் அரபியின் திசை! இதைச் சொன்னபின் பெரியவர் சிரித்துவிட்டார்.

தமிழ் பிரெய்லில் இன்னொரு நயமும் உண்டு. அச்சில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும், கால் பின்னே நிற்கும். பிரெய்லில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மெய்யை முதலிலும் உயிரை அடுத்தும் ஒலிக்கும் வரிசையிலேயே எழுதிச் செல்ல வேண்டும். கோ என்பது ககரமும் ஓகாரமும். ஒற்றுக்கு நான்காம் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். அரபியிலும் ஷத்துக்குரிய ஆறாம் புள்ளி எழுத்துக்கு முன்பாகவே இடப்படுகிறது. இங்கே ஓர் அழுத்தம் வரப்போகிறது என்று விரலுக்கு முன்னறிவிப்பு. சொல்லின் முதல், இடை, கடை என்று அரபு எழுத்து வடிவம் மாறுவதும் பிரெய்லில் இல்லை.

அச்சு முறைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டு இதிலும் முக்கியமானது. அவ்வாண்டுதான் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகம் நிறுவப்பட்டது. நாட்டின் முதல் பிரெய்ல் அச்சகம் அது. பிரெய்ல் அச்சு என்றால் மை இல்லை. பழைய முறையில் இரட்டையாக மடித்த மெல்லிய துத்தநாகத் தகட்டில், எழுத்துக்கு எழுத்தாக ஓர் இயந்திரம் புள்ளிகளை அழுத்தும். மேல் தகட்டில் குழி, கீழ்த் தகட்டில் மேடு. அந்தத் தகடுகளுக்கு இடையே கனத்த தாளைச் செருகி உருளையில் அழுத்தினால் பக்கம் தயார். நம் மாணவனின் அத்தா ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர். இதை அவரிடம் விளக்கத் தொடங்கியதும் பாதியிலேயே, "ஹஜ்ரத், இது நாங்கள் செய்யும் டை வேலைதானே! ஆணும் பெண்ணுமாக இரண்டு டை, நடுவில் ஷீட்" என்றார். அதுவரை மகனின் படிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலைகுனிந்தே இருந்த மனிதர், அன்றைக்கு நமக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். புள்ளி கூர்மையாக எழும்பத் தாளின் கனம் எவ்வளவு வேண்டும், அழுத்தம் மிகுந்தால் ஏன் கிழியும் என்றெல்லாம் அவர் சொன்னவை, பின்னர் நாம் கேட்டறிந்தவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன. ஒரு புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். அதற்குமேல் எழும்பினால் விரலை உறுத்தும். குறைந்தால் படிக்க இயலாது. இன்று கணினி மென்பொருள் எழுத்தைப் புள்ளியாக மாற்றுகிறது. எம்பாஸர் எனும் இயந்திரங்கள் தாளின் இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் புள்ளியிடுகின்றன.

ஆனால் பிழைதிருத்தம் இன்னும் மனிதர்களுடைய வேலைதான். கண்ணுள்ள ஒருவர் மூலத்தை வாசிக்க, பார்வையற்ற ஒருவர் விரலால் தடவிச் சரிபார்ப்பது இதன் வழக்கமான முறை. ஒரு புள்ளி விடுபட்டால் என்ன நேரும்? ரகரத்தின் ஐந்தாம் புள்ளி தேய்ந்தால் அது லகரமாகிவிடும். 'வரை' என்பது 'வலை' என்றாகும். தமிழில் இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். பெரிய காஃபுக்கு 1, 2, 3, 4, 5 புள்ளிகள். அதில் இரண்டாம் புள்ளி மட்டும் விடுபட்டால் நூனாகிவிடும். 'கூறினார்' என்னும் பொருள் தரும் சொல் 'அடைந்தார்' என்றாகிவிடும். திருக்குர்ஆனில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. உஸ்மானிய எழுத்தமைப்பில் வரும் சிறிய அலிஃபை எப்படிக் காட்டுவது, வக்ஃபு அடையாளங்களை எங்கே வைப்பது என்ற கேள்விகளும் எழும். ஆகவேதான் பிரெய்ல் குர்ஆன் தயாரிப்புக்கு இயந்திரம் மட்டும் போதாது; காரிகளும் உலமாக்களும் விரலால் படிக்கத் தெரிந்த ஹாஃபிழ்களும் ஒன்றாக அமர வேண்டும்.

அப்படி அமர்ந்த இடங்கள் உண்டு. மதீனாவில் உள்ள மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சகம் பிரெய்ல் முஸ்ஹஃபை வெளியிட்டிருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 1964இல் தொடங்கிய பார்வையற்ற முஸ்லிம்களுக்கான நல அமைப்பு, குர்ஆனைப் பிரெய்லில் எழுதும் பணியில் முன்னோடியாக நின்றது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் பார்வையற்றோருக்கென்றே மத்ரஸா அந்நூர் இயங்குகிறது. அங்கே தயாராகும் பிரெய்ல் குர்ஆன் பல நாடுகளுக்குச் செல்கிறது. அச்சில் ஒரே நூலாகக் கையில் அடங்கும் குர்ஆன், பிரெய்லில் பல பெரிய தொகுதிகளாக விரிந்துவிடும். மக்தபில் ரிஹாலுக்குப் பதிலாக மேசைதான் வேண்டும்.

வெளிநாடுகளைச் சொல்லிவிட்டு நம் வாசலை விட்டுவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் பூந்தமல்லி. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளியும், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பிரெய்ல் பாடநூல்களை அச்சிடும் மண்டல பிரெய்ல் அச்சகமும், டேராடூன் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான் உள்ளன. பாடநூல்கள் மாணவர்களுக்கு இலவசமாகவே வழங்கப்படுகின்றன. அதே சாலையில் மேற்கே சென்றால் வேலூரை அடுத்த காட்பாடியில் வொர்த் டிரஸ்ட். அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளியில் டேவிட் ஆபிரகாம் உருவாக்கி, அதே 1951இல் உற்பத்திக்கு வந்த ஆறு விசைப் பிரெய்ல் தட்டச்சுப் பொறி, இன்று காட்பாடியில் தயாராகிறது. அதைச் செய்வோரில் பலர் மாற்றுத்திறனாளிகள். நம் தெருவில் கார்களும் லாரிகளும் எங்கே தயாராகின்றன என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் கை நீட்டிக் காட்டும். பிரெய்ல் எங்கே தயாராகிறது என்று கேட்டிருந்தால், இந்தச் சாலையில் இத்தனை ஆண்டுகள் போய்வந்த நாமே விழித்திருப்போம்.

தமிழ் நூல்களின் நிலையும் மெல்ல மாறுகிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் உருவாக்கிய திருக்குறள், மணிமேகலை முதலியவற்றின் பிரெய்ல் பதிப்புகள் 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் வெளியிடப்பட்டன. சட்டமும் இப்போது தடையாக இல்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகளின் நலனுக்காக இலாப நோக்கமின்றி இயங்கும் அமைப்புகள் எந்த நூலையும் பிரெய்லுக்கு மாற்றி அவர்களுக்கு வழங்கலாம். இதே நோக்கில் 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. தமிழ்த் தர்ஜுமாக்களும் ஸீரா நூல்களும் நம்மிடம் ஏராளம். அவற்றில் எத்தனை ஒரு பார்வையற்ற முஸ்லிம் பிள்ளையின் விரலுக்கு எட்டுகின்றன என்று பதிப்பகம் நடத்தும் சகோதரர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

நம்மிடம் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. இப்போது செல்போனே எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் எதற்கு என்பது ஒன்று. செல்போன் நல்ல துணைதான். நம் மாணவனும் பயன்படுத்துகிறான். ஆனால் கேட்பது வேறு, படிப்பது வேறு. ஸே, ஸீன், ஸ்வாத் மூன்றும் நம் தமிழ்க் காதில் விழும்போது ஏறத்தாழ ஒன்றே. கண்ணுள்ள பிள்ளை எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறான். விரலிலும் அவை மூன்றும் வெவ்வேறு. ஸீனுக்கு மூன்று புள்ளி, ஸேக்கு நான்கு, ஸ்வாதுக்கு ஐந்து. லகர, ளகர, ழகரமும் அப்படித்தான். காதால் மட்டுமே கற்ற பிள்ளை பள்ளிவாசலுக்கு 'ளி' போடுவதா 'லி' போடுவதா என்பதை யாரிடம் கேட்பான்? இரண்டாவது, பிரெய்ல் பிரதிக்கு முஸ்ஹஃபின் சட்டம் உண்டா, ஒளூ இன்றித் தொடலாமா என்பது. இதில் தற்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைத் தீர்த்து வைக்கும் தகுதி நமக்கில்லை. ஒளூவுடன் தொடுவதே அதபு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

பயனுள்ள செய்தி ஒன்று. பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூல் பொட்டலங்களை 7 கிலோ வரை இந்திய அஞ்சல் துறை கட்டணமின்றிக் கொண்டுசேர்க்கிறது. இதுவும் நமக்குத் தெரியாமலிருந்தது.

நம் மக்தபுக்கும் அவ்வாறே ஒரு பொட்டலம் வந்தது. வெளியூர் மத்ரஸா ஒன்றில் ஒருவர் பல ஆண்டுகள் ஓதிய பிரெய்ல் அம்ம ஜுஸ்உ. அதற்கு முன்பே, பூந்தமல்லியில் படித்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து நம் மாணவனுக்கும் நமக்கும் சேர்த்தே எழுத்துகளைக் கற்றுக்கொடுத்திருந்தார். நாம் கண்ணால் பார்த்துத்தான் புள்ளிகளை அறிகிறோம். விரலால் அறிய இன்னும் வரவில்லை. அவனுக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்த அன்று அவன் ஒளூ செய்துவிட்டு வந்து மேசையில் அமர்ந்தான். ஏற்கெனவே மனனமாயிருந்த நபஃ அத்தியாயத்தை, முதன்முறையாக எழுத்துக் கூட்டி, குழந்தையைப் போல மெதுவாக ஓதினான். உம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தியாயத்தின் முடிவுக்குச் சற்று முன்னே விரல் நின்றது. முன்னும் பின்னும் தடவினான். "ஹஜ்ரத், இங்கே காஃப் இருக்க வேண்டும். நூன் இருக்கிறது" என்றான். நாம் குனிந்து பார்த்தோம். பலருடைய விரல் பட்டு இரண்டாம் புள்ளி முற்றிலும் தேய்ந்திருந்தது. அவன் ஸ்டைலஸைக் கேட்டு வாங்கினான். பக்கத்தைத் திருப்பி, இடத்தை விரலால் அளந்து, பின்புறத்திலிருந்து மெல்ல அழுத்தினான். திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, அந்த வசனத்தை மீண்டும் முதலிலிருந்து ஓதத் தொடங்கினான்.